இடக்கையனின் துப்பாக்கி

இந்த மேஜையின் ஒரு கால் பிற்பாடு மாற்றியது. மற்ற மூன்று கால்களும் செருப்பு பட்டுப் பட்டு அடியில் தேய்ந்திருக்கின்றன. இது மட்டும் மொழுமொழுவென்று இருக்கிறது. தச்சர் கெட்டிக்காரர்தான், நிறத்தைக் கலந்து பழசோடு பழசாக்கிவிட்டார். ஆனால் யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள் என்று நினைத்துவிட்டார். குறையாகச் சொல்லவில்லை, சார். எதைப் பார்த்தாலும் எது முதலிலிருந்தே இருந்தது, எது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்று என் கண் தானாகப் போய்விடும். நாற்பதை நெருங்குகிற வயதில் இந்தப் பழக்கத்தை எங்கே விடுவது.

நான் பார்ப்பது பழைய பிரிட்டிஷ் வேட்டைத் துப்பாக்கிகள். நூறு, நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இங்கிலாந்துப் பணக்காரர்கள் பறவை சுடுவதற்காகச் செய்துகொண்ட இரட்டைக் குழல் துப்பாக்கிகள். ஏலத்தில் எடுத்தது, பரணில் கிடந்தது, மாமனார் விட்டுப்போனது என்று ஆட்கள் கொண்டுவருவார்கள். இது எங்கே பிறந்தது, யார் செய்தது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். "அதான் மேலேயே பேர் போட்டிருக்கே" என்பார்கள். பூட்டுத் தகட்டில் வளைவும் நெளிவுமாக ஒரு பெயர் செதுக்கியிருக்கும், வாஸ்தவம்தான். பெரும்பாலும் அது விற்றவன் பெயர். செய்தவன் வேறு. பர்மிங்காமில் ஏதோ ஒரு சந்துக்குள், ஜன்னலோரம், கையில் அரத்தோடு உட்கார்ந்திருந்தவன். குழல் செய்தவன் ஒருவன், குழல் வந்து மூடிக்கொள்ளும் பூட்டை அராவியவன் இன்னொருவன், மரத்தை இழைத்தவன் மற்றொருவன். எல்லாம் சேர்ந்து கடைக்குப் போனதும் கடைக்காரன் தன் பெயரை வெட்டிக்கொள்வான். செய்தவனுக்கு மிஞ்சினால் இரண்டு எழுத்து, அதுவும் குழலைக் கழற்றினால் மட்டும் தெரிகிற இடத்தில். அந்த ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் என் வேலை.

சந்தேகம்தான் எனக்குச் சோறு போடுகிறது என்று சொல்லலாம். மற்றவர்கள் துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் தோளில் வைத்துப் பார்ப்பார்கள். நான் முதலில் முகர்ந்து பார்ப்பேன். புது எண்ணெய் வாசம் வந்தால் யாரோ எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அத்தான், என் அக்காவின் கணவர், இதை வைத்துக் கடைக்கு வருகிற எல்லோரிடமும் என்னைக் கிண்டல் செய்வார். "இவனுக்குப் பொண்ணு பாக்கப் போனா அதையும் மோந்துதான் பாப்பான். அதான் கல்யாணமே அமையல." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நல்ல நகைச்சுவைதான், நூறு தடவை கேட்டாலும்.

கடை அத்தானுடையது. பலகையில் அவர் பெயர். கீழே கடை, மேலே அக்காவும் அத்தானும், பின்கட்டில் என் பட்டறையும் என் கட்டிலும். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அக்கா கல்யாணமாகிப் போனபோது என்னையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். அத்தான் முகம் சுளிக்கவில்லை. இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும்: அவர் நல்ல மனிதர். துணி எடுத்தால் ஒரே துணியில் இரண்டு சட்டை எடுப்பார், பெரியது அவருக்கு, சின்னது எனக்கு. அவருக்குக் குழந்தை இல்லாத குறையை நான் கொஞ்சம் தீர்த்தேன் என்று அக்கா சொல்வாள்.

ஜோடித் துப்பாக்கி என்று ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் வசதியானவர்கள் ஒரே மாதிரி இரண்டு செய்துகொள்வார்கள், ஒன்றில் சுடும்போது வேலைக்காரன் மற்றதில் தோட்டா போட்டு நீட்டுவதற்காக. ஒன்றில் 1 என்றும் மற்றதில் 2 என்றும் தங்கத்தில் பதித்திருக்கும். இரண்டாவது எந்த விதத்திலும் மட்டமில்லை. ஒரே கை, ஒரே மரத்தில் அறுத்த கட்டை. ஆனாலும் பார்க்க வருகிறவன் முதலில் 1-ஐத்தான் தூக்குவான். கடையில் நிற்கும்போது இதைக் கவனித்துக்கொண்டே இருப்பேன். ஒருத்தன்கூட 2-ஐ முதலில் எடுத்ததில்லை.

இடக்கையனைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு சின்ன ஊர்க் கடைக்காரன் பெயர் போட்ட துப்பாக்கி எங்களிடம் வந்தது. பெயர் சாதாரணம், வேலைப்பாடு அசாதாரணம். குழலைக் கழற்றி, கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு பார்த்தேன். பூட்டில் குழல் வந்து உட்காரும் தட்டையான இடத்தில் அரத்தின் கோடுகள் மெல்லியதாகத் தெரிந்தன. எல்லாத் துப்பாக்கியிலும் அவை ஒரு பக்கமாகச் சாயும். இதில் மறுபக்கமாகச் சாய்ந்திருந்தன. இடது கையால் அராவியிருக்கிறான். அதற்கப்புறம் கடையில் இருந்தது, அருங்காட்சியகத்தில் இருந்தது, தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கழற்றிப் பார்த்தேன். வேறு வேறு பெயர்கள் போட்ட துப்பாக்கிகளில் அதே சாய்வு, அதே அடக்கமான கை. ஒரே ஆள். இத்தனை பெயர்களுக்குக் கீழே ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான், அவன் பெயர் எதிலும் இல்லை, இரண்டெழுத்துகூட இல்லை. நான் அவனுக்கு இடக்கையன் என்று பெயர் வைத்தேன். அன்றைக்கு நான் அழுதேன், சார். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சந்தோஷம் என்றுதான் வைத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கி சேகரிப்பவர்களின் கிளப் ஒன்று இருக்கிறது. அங்கே அத்தானைப் பேசக் கூப்பிட்டார்கள். அவர் நன்றாகப் பேசுவார், எனக்கு நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் அவர் பேசுவது என்று ஆனது, நியாயம்தான். நான் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினேன். "நான் லென்ஸை வச்சுப் பார்த்தேன். பார்த்தா கோடு தலைகீழா சாயுது. அப்படியே ஆடிப் போயிட்டேன்" என்றார் அத்தான். கூடம் முழுக்கக் கைதட்டல். கிளப் தலைவர் என்னைக் காட்டி யார் என்று கேட்டார்.

"நம்ம மச்சான். தூக்க, வைக்க, துடைக்க எல்லாம் இவன்தான். இவன் இல்லன்னா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி" என்றார் அத்தான். பெருமையாகத்தான் சொன்னார்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "அத்தான், இடக்கையன்னு முதல்ல சொன்னது நான்தானே?"

"அட, நீ சொன்னா என்ன, நான் சொன்னா என்ன. நம்ம கடைதானடா. நீ வேற நான் வேறயா?"

"இல்ல அத்தான்" என்றேன். எனக்குக் கோபம் வரவில்லை. பொறாமை என்று நீங்கள் காலையில் ஒரு வார்த்தை சொன்னீர்கள், அது பொருந்தாது. ஒரு தவறான பெயர் இருந்தால் அதைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான். கறை பட்டால் துடைப்பதில்லையா, அந்த மாதிரி.

இனி நூல். எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. பழைய துப்பாக்கி வந்தால் குழலின் சுவர் எவ்வளவு கனம் இருக்கிறது என்று நான் கருவி வைத்து அளப்பேன். அடியில் இருக்கும் சோதனை முத்திரையைப் பார்ப்பேன். அந்தக் காலத்தில் ஒவ்வொரு குழலையும் சட்டப்படியான சோதனைக் கூடத்தில் அதிக வெடிமருந்து போட்டு வெடித்துப் பார்த்துத்தான் முத்திரை குத்துவார்கள். எந்த மருந்துக்குச் சோதித்தது என்பது அந்த முத்திரையில் தெரியும். இன்றைய தோட்டாவைத் தாங்கும் என்றால் விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தில் பச்சை நூல் கட்டுவேன். தாங்காது, பார்வைக்கு மட்டும், அல்லது பழைய, வேகம் குறைந்த கருமருந்தை அடைத்த தோட்டா மட்டும் என்றால் சிவப்பு நூல். நூல்கண்டுகளைக் கொடுத்தது அக்கா. சாயப் பட்டறையில் நிறம் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவள் வேலை. ஒரே மாதிரி நமக்குத் தெரியும் இரண்டு நீலத்தைக் காட்டினால், இது நேற்றுப் போட்டது, இது இன்றைக்குப் போட்டது என்பாள். அவள் கண்ணில் பட்டறை முதலாளிக்கு அவ்வளவு நம்பிக்கை.

அத்தான் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. நூலைப் பார்ப்பார், எடுத்துக்கொண்டு போவார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை என்று அதை நீங்கள் சொல்வீர்கள். நான் சோம்பேறித்தனம் என்பேன்.

கிளப்காரர்களுக்கு ஆசை வந்துவிட்டது. இடக்கையனின் துப்பாக்கியை ஒரு தடவை சுட்டுக் காட்ட வேண்டும், கண்டுபிடித்தவரே சுட வேண்டும் என்றார்கள். ஆகாயத்தில் வீசும் மண் தட்டைச் சுடுகிற மைதானம் ஊருக்கு வெளியே இருக்கிறது, அங்கே. அத்தான் பட்டறைக்கு வந்து என் தோளில் கை போட்டார்.

"என்னடா, சுடலாமா? பாத்துச் சொல்லு."

பார்த்தேன். இரும்பையும் எஃகையும் பட்டையாக முறுக்கிச் செய்த பழைய குழல். கருமருந்துக்கு மட்டும் சோதித்த முத்திரை. இடது குழலுக்குள் யாரோ எப்போதோ துருவைச் சுரண்டி மெருகேற்றியிருந்தார்கள்; இடது கை பிடிக்கிற இடத்துக்கு நேராகச் சுவர் விரல் நகத்தின் கனம்தான் இருந்தது. கருமருந்தில்கூட நான் சுட விட மாட்டேன். குழல் இடக்கையன் செய்ததில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவன் பூட்டை அராவியவன். குழல் வேறு யாருடைய வேலையோ.

நூலைக் கட்டினேன். சாயங்காலம் அத்தான் எட்டிப் பார்த்தார்.

"பச்சையா?"

"பச்சைதான் அத்தான்."

"சபாஷ்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அது ஒரு பரீட்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அளக்கும் கருவி ஆணியில் தொங்குகிறது. அந்தத் துப்பாக்கியைத் தானே கண்டுபிடித்ததாக ஊரெல்லாம் சொல்கிறவருக்கு அதைத் திருப்பிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. அவர் பார்த்திருந்தால், "என்னடா இது, சிவப்புல்ல கட்டணும்" என்று கேட்டிருந்தால், நான் ஒப்புக்கொண்டிருப்பேன். இவரும் தெரிந்தவர்தான் என்று சந்தோஷப்பட்டிருப்பேன். கடைசி நிமிஷம்வரை அவருக்கு வாய்ப்பு இருந்தது. நான் எதையும் பூட்டி வைக்கவில்லை.

மைதானத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். அக்கா அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். தோட்டாப் பெட்டிகள் இருந்த மேஜைக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். எப்போதும் அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். கருமருந்துத் தோட்டா ஒரு பெட்டியில், இன்றைய தோட்டா ஒரு பெட்டியில். நூலைப் பார்த்தாள், பழக்கப்படி "பச்சை" என்று சத்தமாகச் சொன்னாள், இன்றைய தோட்டா இரண்டை எடுத்து அத்தான் கையில் வைத்தாள். நான் கடைசி வரிசை நாற்காலிகளுக்கும் பின்னால் போய் நின்றேன். வெயில் அதிகமாக இருந்தது, அங்கேதான் நிழல்.

முதல் தட்டு வலது குழலுக்குத் தூள் தூளானது. கைதட்டினார்கள். அத்தான் திரும்பி என்னைத் தேடி, கண்ணைச் சிமிட்டினார். அடுத்த தட்டு இடது குழலுக்கு.

அந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. முதலில் ஓடியது நான்தான், இதைச் சாட்சிகள் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அவர்கள் அத்தானைச் சுற்றிக் குனிந்தார்கள். நான் துப்பாக்கியிடம் குனிந்தேன். குழல் பிளந்து விரிந்து கிடந்தது. ஆனால் பூட்டு திறக்கவில்லை, சார். அவ்வளவு அடியையும் வாங்கிக்கொண்டு இறுக்கமாக மூடியபடி இருந்தது. இடக்கையன் அராவிய இடம் ஒரு மயிரிழைகூட நகரவில்லை. நான் அங்கேயே மண்டி போட்டு அழுதேன். அத்தானுக்காக என்று நினைத்து யாரோ என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அழுதுகொண்டே பச்சை நூலை அறுத்துச் சட்டைப் பையில் போட்டேன். சிவப்பு நூலைக் கட்டினேன். முன்கூட்டியே வெட்டி வைத்திருந்தேன், அதனால் சிரமமாக இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அத்தான் போய்விட்டார்.

மிச்சத்தை நீங்களே எழுதினீர்கள். துப்பாக்கியில் சிவப்பு நூல், மேஜையில் திறந்திருந்தது தவறான பெட்டி, எடுத்துக் கொடுத்தது மனைவி. அக்கா, "பச்சைதான் இருந்துச்சு, நான் பாத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நீங்கள் எல்லோரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தீர்கள். யாரும் அவளை ஒரு சுடுசொல் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவளேதான் கொஞ்சம் கொஞ்சமாக மாறினாள். முதலில் "பச்சைதான்" என்றாள். பிறகு "பச்சை மாதிரிதான் தெரிஞ்சுது" என்றாள். பிறகு கண் டாக்டரிடம் போய்ப் புள்ளி புள்ளியாக எண் ஒளித்து வைத்திருக்கும் அட்டைகளை எல்லாம் பார்த்துவிட்டு வந்தாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அப்படியானால் மனதில்தான் ஏதோ கோளாறு என்று அவள் எடுத்துக்கொண்டாள். "இனிமே என் கண்ணை நம்பி யாருக்கும் நிறம் சொல்ல மாட்டேன்" என்று பட்டறை வேலையை விட்டாள். காய்கறி வாங்கப் போனால்கூட, இது பழுத்ததா என்று கடைக்காரரைக் கேட்டாள். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் நூல்களை வரிசையாக வைத்திருந்தாள். என்னைக் கூப்பிட்டாள்.

"டேய், இங்க வா. அன்னைக்குத் துப்பாக்கில இருந்தது இதுல எது?"

"சிவப்புக்கா."

"நான் பச்சைன்னு சத்தமா சொன்னேனே. உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்பவே ஏன்டா சொல்லல, அக்கா அது சிவப்புன்னு?"

"நான் எங்கயோ பின்னால நின்னேன். நூல் எனக்குத் தெரியல."

அவள் நூல்களை ஒவ்வொன்றாகச் சுருட்ட ஆரம்பித்தாள். "கட்டினவனே நீதானடா. உனக்குத் தெரியுறதுக்கு என்ன இருக்கு?"

அத்தான் கடைசி நேரத்தில் வேறு துப்பாக்கியை எடுத்துவிட்டாரோ என்று நினைத்தேன் என்றேன். சப்பைக்கட்டுதான், எனக்கே தெரிந்தது. அவள் நூல்கண்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து நான் போட்டுக் கொடுக்கும் டீயை அவள் குடிப்பதில்லை. வாங்கி வைத்துக்கொள்வாள், ஆறவிடுவாள், நான் அந்தப் பக்கம் போனதும் தொட்டியில் ஊற்றிவிடுவாள். ராத்திரி மாடிக் கதவுக்கு உள்ளே தாழ் விழும் சத்தம் கேட்கும். எனக்கு அது ரொம்ப வருத்தமாக இருந்தது. சொந்த அக்காவை நான் என்ன செய்துவிடுவேன்? என்னைப் பற்றி அவள் இப்படி நினைக்கலாமா?

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சிவப்பு நூல் உங்கள் ஸ்டேஷன் அலமாரியில் ஒரு கவருக்குள் மாதக்கணக்கில் இருந்தது. துப்பாக்கி முழுக்கக் கரி, ரத்தம். அந்த வளையத்தில் கரி, வளையத்தின் உள்பக்கம்கூடக் கரி. நூலில் மட்டும் ஒரு பொட்டுக்கூட இல்லை. அதை அவிழ்த்துப் பார்த்தால் அதற்கு அடியிலும் கரி படிந்திருக்கும். கரி முதலில், நூல் பிறகு. ஒரு மேஜைக்காலைக் கண்டுபிடிக்கிற கண் இருந்தாலே போதும். என் வாழ்க்கை முழுக்கப் பின்னால் சேர்த்ததைக் கண்டுபிடித்துவிட்டு, நானே ஒன்றைப் பின்னால் சேர்த்தேன், அதுவும் இவ்வளவு மோசமாக. ஒவ்வொரு நாளும் யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் செதுக்குபவர் வந்தார். பூட்டுத் தகடுகளில் அழிந்துபோன எழுத்தை எங்களுக்குத் திரும்ப வெட்டிக் கொடுக்கிறவர். துணியில் சுற்றிய ஒன்றை அக்காவிடம் நீட்டினார்.

"உங்க வீட்டுக்காரர் இருக்கும்போதே சொன்னதும்மா. வெட்டி முடிச்சு வச்சிருந்தேன். துக்க வீட்டுக்கு இதை எப்படித் தூக்கிட்டு வர்றதுன்னு தயக்கம். மச்சானுக்குத் தெரிய வேணாம், கிளப்ல சுட்டு முடிச்ச அன்னைக்கு எல்லார் முன்னாலயும் குடுக்கணும்னார்."

பித்தளைப் பலகை. கடை வாசலில் மாட்டுவதற்கு. அதில் அத்தான் பெயரும் என் பெயரும் இருந்தன. கீழே, 'பழைய துப்பாக்கிகளின் மூலம் ஆராய்பவர்கள்' என்று வெட்டியிருந்தது.

அக்கா அழ ஆரம்பித்தாள். நான் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துக்கொண்டு போய் லென்ஸை வைத்தேன். புதிதாக வெட்டிய பித்தளை பளபளக்கும். இதில் எழுத்தின் பள்ளத்துக்குள் எல்லாம் மங்கல் ஏறி, ஓரங்களில் லேசாகப் பச்சை பூத்திருந்தது. துணியில் சுற்றி வைத்திருந்தும் அவ்வளவு என்றால், அத்தான் உயிரோடு இருந்தபோது வெட்டியதுதான். சந்தேகமே இல்லை. இந்த மாதிரி விஷயத்தில் நான் தவறியதில்லை.

"என்னடா அதுல பாக்குற?" என்றாள் அக்கா.

"இது பின்னால செஞ்சதுக்கா. உன் மனசு ஆறட்டும்னு அவர் ஏதோ சொல்றார்."

செதுக்குபவருக்கு முகம் சுண்டிவிட்டது. அக்கா பலகையை என் கையிலிருந்து வாங்கி, அவளும் ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுல பச்சை பூத்திருக்குடா" என்றாள். "எனக்குப் பச்சை தெரியுது." பிறகு என்னைப் பார்த்தாள். நான் லென்ஸைத் துடைத்து உறையில் போட்டேன்.

ஏன் இப்போது வந்தாய் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். அக்காவுக்காக. அவள் கண்ணில் குறை இல்லை, அவள் பார்த்தது பச்சைதான் என்பதை யாராவது சொல்லியாக வேண்டும். அது என் கடமை என்று தோன்றியது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னீர்கள். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் நம்ப மாட்டாள்.

போன வாரம் உங்கள் அறிக்கையும் வந்தது, அதுவும் ஒரு காரணம்தான், மறைப்பானேன். உரிமையாளரின் கவனக்குறைவால் அவராலேயே நேர்ந்த மரணம் என்று முடித்திருந்தீர்கள். துப்பாக்கியைச் செய்தவர் என்ற இடத்தில் பூட்டுத் தகட்டில் இருந்த கடைக்காரன் பெயரை எழுதியிருந்தீர்கள். அதே வாரம் கிளப்பில் அத்தானின் படத்தை மாட்டி, இடக்கையனைக் கண்டெடுத்தவர் என்று கீழே போட்டார்கள். கண்டுபிடித்ததும் அவர், சாவும் அவரே தேடிக்கொண்டது. இத்தனை வருஷத்தில் எவ்வளவோ வேலை என் கையிலிருந்து அவர் பெயரில் போயிருக்கிறது, நான் வாய் திறந்ததில்லை. ஆனால் இது முழுக்க முழுக்க நான் ஒருவனே செய்தது. அளந்தது நான், நூலைத் தேர்ந்தெடுத்தது நான், அவர் பார்க்க மாட்டார் என்று அறிந்தது நான், திரும்ப மாற்றிக் கட்டியது நான். இதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. தயவுசெய்து திருத்திவிடுங்கள். துப்பாக்கி பற்றிய வரியில் 'பூட்டு: பெயர் தெரியாத இடக்கைக்காரர்' என்று போட்டால் போதும்.

சற்று முன் அக்கா கொண்டுவந்த அந்தப் பலகையை மேஜையில் வைத்து, இது முன்னாலேயே தெரிந்திருந்தால் செய்திருப்பாயா என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. நான் யோசித்துத்தான் பதில் சொல்கிறேன், அவசரப்படவில்லை. அத்தான் என்னை நினைத்துத்தான் செய்யச் சொல்லியிருக்கிறார், அது உண்மை. வேலையும் சுத்தமான வேலை, எழுத்தில் ஒரு பிசிறு இல்லை. ஆனால் நன்றாகப் பாருங்கள் சார், அதில் என் பெயர் இரண்டாவதாக இருக்கிறது.